தோற்பதற்கும் ஓர் இடம் வேண்டும்

நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் பந்திக்காகக் காத்திருந்தபோது நண்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "உங்களுக்கு இந்த வீடியோ கேம் சமாசாரம் எல்லாம் தெரியுமாமே சார். என் பையன் எட்டாவது படிக்கிறான். எப்போது பார்த்தாலும் ஃபோனும் கையுமாக ஆடிக்கொண்டே இருக்கிறான். என்ன செய்யலாம்?" என்றார்.

"என்ன ஆடுகிறான்?" என்று கேட்டேன்.

"அதான் சொன்னேனே, கேம்" என்றார்.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. பிள்ளை சினிமாவுக்குப் போய் வந்தால் "என்ன படம்?" என்று கேட்கிறோம். புத்தகம் வைத்திருந்தால் அட்டையைத் திருப்பிப் பார்க்கிறோம். ஆட்டம் என்றால் மட்டும் "எத்தனை மணி நேரம்?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறோம். மூட்டையின் எடையைப் பார்க்கிறோமே தவிர, உள்ளே இருப்பது அரிசியா கல்லா என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

நான் வீடியோ கேம் ரசிகன். நாற்பதைத் தாண்டிய பிறகும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் மற்றவர்கள் தூங்கும்போது டிவி முன்னால் உட்கார்ந்து ஆடுகிறவன். இப்படிப்பட்டவர்களை ஆங்கிலத்தில் 'கீக்' என்கிறார்கள். நம்முடைய சொல் 'பைத்தியம்'. கிரிக்கெட் பைத்தியம், சினிமாப் பைத்தியம், கச்சேரிப் பைத்தியம் என்று நம்மில் பலர் உண்டு. என்னையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம். அந்த உரிமையில் என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். ஓர் ஆட்டம் நல்லதா கெட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும் என்பது என் கட்சி. தோற்றவனை அது எப்படி நடத்துகிறது?

நம் பாட்டிமார் வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க ஆடிய பரமபதத்தை நினைத்துப் பாருங்கள். வைகுண்டத்துக்கு ஒரு கட்டம் இருக்கும்போது பெரிய பாம்பு கடித்துவிடும். தலையில் அடித்துக்கொண்டு கீழே வந்து, மறுபடி தாயத்தை உருட்ட வேண்டியதுதான். எந்தப் பாட்டியும் பாம்புக்குக் காசு கொடுத்துத் தப்பியதில்லை. யாரும் காசு கொடுத்து ஏணி வாங்கியதும் இல்லை. விழுவது இலவசம், திரும்ப ஏறுவதும் இலவசம். ஆட்டத்தின் தர்மமே அதுதான்.

வீடியோ கேம் இந்தத் தர்மத்தோடு பிறக்கவில்லை என்பதையும் ரசிகனாகிய நான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஜப்பானில் தோமோஹிரோ நிஷிகாதோ 1978-இல் உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' போன்ற ஆட்டங்கள் கடைகளில் நின்ற பெரிய இயந்திரங்களில் இருந்தன. காசு போட்டால் ஆடலாம். தோற்றால் இன்னொரு காசு. ஆடுகிறவன் சீக்கிரம் தோற்றால்தான் கடைக்காரருக்கு வருமானம். ஆகவே அந்த ஆட்டங்கள் கடினமாகவே இருந்தன.

ஆட்டம் வீட்டுக்கு வந்ததும் இந்தக் கணக்கு மாறியது. ஒரு தடவை விலை கொடுத்து வாங்கிவிட்டால் ஆயிரம் முறை தோற்கலாம். கேட்பார் கிடையாது. தோல்வி வியாபாரமாக இருந்தது போய்ப் பாடமாக ஆயிற்று.

இதற்கு நல்ல உதாரணம், ஷிகேரு மியாமோதோவும் தகாஷி தெசுகாவும் சேர்ந்து உருவாக்கி 1985-இல் நிண்டெண்டோ வெளியிட்ட 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்'. அதன் முதல் காட்சியில் விளக்கம் என்று ஒரு வரி கிடையாது. மீசைக்கார மேரியோ இடது ஓரத்தில் நிற்கிறான். வலப்பக்கம் காலி இடம். அதனால் அந்தப் பக்கம் நடக்கிறோம். எதிரே முறைத்த முகத்தோடு ஒரு ஜந்து வருகிறது. மோதினால் உயிர் போகிறது. மறு தடவை குதிக்கிறோம். குதிக்கும்போது தலைக்கு மேலே உள்ள கேள்விக்குறிப் பெட்டியில் முட்டினால் காளான் ஒன்று வெளியே வருகிறது. அது உருண்டு போய் ஒரு குழாயில் மோதித் திரும்பி நம்மிடமே வருகிறது. பயந்துகொண்டே அதைத் தொட்டால் மேரியோ பெரிய ஆளாகிவிடுகிறான்! ஒரே நிமிஷத்தில் எது பகை, எது நட்பு, எப்படித் தப்புவது என்று எல்லாம் தெரிந்துவிடுகிறது. அடிக்காமல் திட்டாமல் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அந்த முதல் காட்சி. மொழி தெரியாத பிள்ளைக்கும் புரியும் பாடம்.

மொழி தெரியாத பிள்ளை என்று சொன்னது என்னை வைத்துத்தான். அப்பாவுக்கு மாற்றலாகி நாங்கள் டில்லி வந்தபோது எனக்கு வயது பத்து. ஹிந்தியில் எண்கள்கூடச் சரியாக வராது. காலனியில் ஒரு வீட்டில், டிவியில் மாட்டி ஆடும் பெட்டி ஒன்று இருந்தது. அதற்கான 'கேசட்'டுகள் பாலிகா பஜாரிலிருந்து வரும். ஒரே கேசட்டில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் இருப்பதாக மேலே அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பது என்னவோ பத்துப் பதினைந்துதான். படம் தெரியாவிட்டால் கேசட்டை உருவி வாயால் ஊதி மறுபடி செருகுவோம். அவை பெரும்பாலும் திருட்டுப் பிரதிகள் என்பதும், அவற்றை உருவாக்கியவர்களுக்கு அதில் ஒரு பைசாகூடப் போகவில்லை என்பதும் பிற்பாடுதான் தெரிந்தது.

அதில் 'கான்ட்ரா' என்று ஓர் ஆட்டம். இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். ஆளுக்கு மூன்று உயிர். எதிரியின் குண்டு ஒன்று பட்டாலே ஓர் உயிர் காலி. நான் அரை நிமிஷம் தாக்குப்பிடிக்க மாட்டேன். ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பையன் காதோடு ஒரு ரகசியம் சொன்னான். ஆட்டம் தொடங்கும் முன் பொத்தான்களை ஒரு வரிசைப்படி அழுத்தினால் மூன்று உயிர் முப்பதாகிவிடுமாம். "ஊபர் ஊபர், நீச்சே நீச்சே, பாயே, தாயே, பாயே, தாயே, பி, ஏ." நான் 'தாயே' என்பதை ஏதோ அம்மனைக் கூப்பிடுகிறான் என்றே நினைத்தேன். வீட்டில் வந்து மனப்பாடம் செய்தபோது, கடைசியில் 'பி.ஏ.' என்று முடிந்ததால் அப்பாவும் தடுக்கவில்லை. ஹிந்தியில் மேல், கீழ், இடம், வலம் நான்கையும் கற்றது அப்படித்தான். அதைவிட முக்கியம், காலனியில் எனக்கு ஒரு சிநேகிதன் கிடைத்தான்.

அந்த ரகசியத்தின் பிறப்பை வெகு நாள் கழித்துப் படித்தேன். கஸுஹிஸா ஹஷிமோதோ என்ற ஜப்பானியர் கடையில் இருந்த 'கிரேடியஸ்' என்ற ஆட்டத்தை 1986-இல் வீட்டுப் பெட்டிக்கு ஏற்ப மாற்றிக்கொண்டிருந்தார். சரிபார்ப்பதற்காக ஆடிப் பார்த்தால் அவராலேயே முடிக்க முடியவில்லை, அவ்வளவு கடினம். தம் வசதிக்காக இந்தப் பொத்தான் வரிசையை உள்ளே வைத்தார். அது அப்படியே விற்பனைக்கும் போய்விட்டது. பிறகு அதே நிறுவனத்தின் வேறு ஆட்டங்களிலும் இடம்பெற்றது. ஹஷிமோதோ 2020-இல் காலமானார். தோற்றுப்போன ஒரு மனிதர் தமக்காகச் செய்துகொண்ட உதவி, உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பொதுச் சொத்தாயிற்று. வாய்வழியாகவே பரவியது. யாரும் அதற்கு விலை வைக்கவில்லை.

விலை வைக்காமல் பகிர்ந்துகொள்ளும் இந்தக் குணம்தான் எங்கள் பைத்தியக்காரக் கூட்டத்தின் உத்தமமான பகுதி. 'டெட்ரிஸ்' கதையைப் பாருங்கள். 1984-இல் மாஸ்கோவில், சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கியது. மேலிருந்து கட்டைகள் விழும். இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். போகப் போக வேகம் கூடும். இதில் வெற்றி என்பதே கிடையாது. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கடைசியில் தோற்றே ஆக வேண்டும். ஆனாலும் உலகமே ஆடியது.

நிண்டெண்டோ பெட்டிக்காக 1989-இல் வந்த டெட்ரிஸில் 29-ஆவது கட்டத்தை யாராலும் தாண்ட முடியாது என்றே பல வருஷங்கள் நம்பினார்கள். அவ்வளவு வேகம். ரசிகர்கள் விடவில்லை. பொத்தானை வேகமாக அழுத்துவது எப்படி, கையில் பிடிக்கும் பொத்தான் கருவியின் பின்புறம் விரல்களால் தட்டுவது எப்படி என்று ஒருவர் கண்டுபிடித்ததை இன்னொருவருக்குக் காட்டினார்கள். 2023 டிசம்பரில் 13 வயது அமெரிக்கச் சிறுவன் ஒருவன் 157-ஆவது கட்டம் வரை போய்விட்டான். அங்கே ஆட்டமே திகைத்து நின்றுவிட்டது! 34 வருஷமாக மனிதரை எல்லாம் தோற்கடித்துவந்த ஆட்டம் ஒரு பையனிடம் தோற்றது. அந்தப் பையன் பிறப்பதற்கு இருபது வருஷம் முன்பு வந்த ஆட்டம் அது. எத்தனை பேர் தோற்று, அந்தத் தோல்வியை அடுத்தவருக்கு விளக்கிச் சொல்லியிருந்தால் இது நடந்திருக்கும்!

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹிதேதாகா மியாசாகி. மென்பொருள் நிறுவன வேலையை விட்டுவிட்டு 29 வயதில் ஆட்டம் செய்யும் தொழிலுக்கு வந்தவர். சிறு வயதில் நூலகத்திலிருந்து ஆங்கில மாயக்கதைப் புத்தகங்களை எடுத்துப் படிப்பாராம். பாதி புரியாது. புரியாத இடங்களைத் தம் கற்பனையால் நிரப்பிக்கொள்வாராம். அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அவருடைய 'டார்க் சோல்ஸ்' (2011), 'எல்டன் ரிங்' (2022) இரண்டும் அப்படித்தான்: கதையைப் பாதி சொல்லி மீதியை நம்மிடம் விட்டுவிடும். தோல்வியோ அடிக்கடி வரும். செத்தால் அதுவரை சேர்த்தது செத்த இடத்திலேயே கிடக்கும். திரும்பப் போய் எடுத்துக்கொள்ளலாம். போகிற வழியில் மறுபடி செத்தால் அதுவும் போச்சு. காசு கொடுத்து அதை மீட்க வழி கிடையாது. இவ்வளவு கடினமான எல்டன் ரிங் ஓராண்டில் 2 கோடிப் பிரதிகள் விற்றது. தோற்பதை ஜனங்கள் வெறுக்கவில்லை. நியாயமாகத் தோற்றால் ஏற்றுக்கொள்கிறார்கள்.

மியாசாகியின் பால்யத்தைப் படித்தபோது எனக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். இங்கே பிறந்து, விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பஸ்ஸின் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்து மீதியை ஊகிக்கிறவர்கள் தானே அவர்கள்! பாதி தெரிந்தவன் வாய்விட்டுப் படிக்கும்போது நாம் சிரித்தால் அவன் அத்தோடு படிப்பதை நிறுத்திவிடுவான். தப்பு செய்ய இடம் கொடுத்தால்தான் மறுபாதி வரும்.

இதுவரை சொன்னது ஒரு பக்கம். இனி மறுபக்கம்.

வீட்டுக்குள் வந்தபோது ஒழிந்த அந்தக் காசு, கைபேசி வழியாகத் திரும்பி வந்துவிட்டது. 2012-இல் வந்த 'கேண்டி க்ரஷ் சாகா'வை நம் மாமிகள் வரை ஆடாதவர் இல்லை. ஐந்து உயிர். ஐந்தும் போனால் ஓர் உயிருக்கு அரை மணி காத்திருக்க வேண்டும். அல்லது பணம் கட்டலாம். ஆட்டம் இலவசம்தான்; காத்திருக்கப் பொறுமை இல்லாதவனிடம்தான் வசூல். பாம்பு கடித்த இடத்திலேயே ஏணிக் கடை!

இதற்கு அடுத்த படி, என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியைப் பணம் கொடுத்து வாங்குவது. உள்ளே நல்ல ஆயுதமும் இருக்கலாம், உபயோகமில்லாததும் இருக்கலாம். ஊர்த் திருவிழாவில் பையன்கள் காசு போட்டுக் கிழிக்கும் பரிசுச் சீட்டுதான் இது. 2017-இல் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2' என்ற ஆட்டத்தில் இதைப் புகுத்தியபோது ரசிகர்களே கொதித்து எழுந்தார்கள். வெளியீட்டுக்கு முன்பே பணம் வாங்கும் ஏற்பாட்டை நிறுவனம் நிறுத்திவைத்தது. 2018-இல் பெல்ஜியத்தின் சூதாட்டக் கண்காணிப்பு ஆணையம் இத்தகைய பெட்டிகள் சூதாட்டமே என்று சொல்லிவிட்டது.

அதற்கும் அடுத்தது பச்சையான சூது. ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்து குடும்பங்கள் நாசமான செய்திகள் ஊரிலிருந்து வந்ததை நாமெல்லாம் படித்தோம். தமிழக அரசு 2022-இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுவதும் தடை செய்கிறது. நடத்துகிறவர்களுக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். அதே சட்டம் போட்டியாக ஆடும் இ-ஸ்போர்ட்ஸையும், பொழுதுபோக்கு ஆட்டங்களையும் தனியாகப் பிரித்து அனுமதிக்கிறது. ஆட்டம் வேறு, சூதாட்டம் வேறு என்று சட்டமே ஒப்புக்கொண்டதில் எனக்குத் திருப்தி. ஆனால் பிள்ளையின் கையிலுள்ள ஆட்டம் உயிருக்கு விலை கேட்கிறதா என்று பார்க்க எந்தப் போலீசும் வரப்போவதில்லை. அது நம் வேலை.

ரசிகன் என்பதால் எங்கள் குற்றங்களை மறைக்கவும் விரும்பவில்லை. நல்ல ஆட்டமானாலும் தூக்கத்தையும் படிப்பையும் விழுங்கினால் கெடுதல்தான். நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல், மற்றதெல்லாம் பின்னுக்குப் போய், கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடருகிற நிலையை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் நோய்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அந்த நிலைக்கு வந்த பிள்ளைக்கு வேண்டியது வைத்தியரின் உதவி, வசவு அல்ல. எங்கள் கூட்டத்துக்கு இன்னொரு வியாதியும் உண்டு. புதிதாக வருகிறவனை "உனக்கு என்ன தெரியும்?" என்று ஏளனம் செய்வது. பெண்கள் ஆட வந்தால் அது இன்னும் மோசம். 2014-இல் ஆட்டங்களை உருவாக்கும் பெண்களையும் விமர்சிக்கும் பெண்களையும் கூட்டமாகச் சேர்ந்து மிரட்டிய கேவலம் அமெரிக்காவில் நடந்தது. முப்பது உயிரின் ரகசியத்தைக் காதோடு சொன்ன அந்தப் பஞ்சாபிப் பையனும் ரசிகன்தான். மிரட்டல் எழுதியவர்களும் தங்களை ரசிகர்கள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். நம் பிள்ளை எந்த வகையில் சேருகிறான் என்று கவனிப்பது, எத்தனை மணி நேரம் என்று பார்ப்பதைவிட முக்கியம்.

2024 டிசம்பரில் நம் குகேஷ் 18 வயதில் உலகச் செஸ் சாம்பியன் ஆனபோது நாமெல்லாம் இனிப்பு வாங்கினோம். உடனே பிள்ளைகளைச் செஸ் வகுப்பில் சேர்த்தோம். ஆனால் முதல் போட்டியில் தோற்று வந்த பிள்ளையிடம் "நாளைக்கு மறுபடி ஆடு" என்று சொன்னவர்கள் எத்தனை பேர்? வெளியூரில் வந்து பிழைக்கிற நமக்குத் தோல்வி என்றாலே பயம். இங்கே சாய்ந்துகொள்ள வயல் இல்லை, தாங்கிப் பிடிக்கத் தாய்மாமன் இல்லை. படிப்பு ஒன்றுதான் முதல். ஆகவே பிள்ளையின் ஒவ்வொரு மார்க்கும் நமக்கு வாழ்வா சாவா என்று ஆகிவிடுகிறது. அந்தப் பயம் நியாயமானது, நானும் தகப்பன்தான். ஆனால் பள்ளியிலும் தோற்கக்கூடாது, டியூஷனிலும் தோற்கக்கூடாது, பாட்டு வகுப்பிலும் தோற்கக்கூடாது என்றால் தோற்றுப் பழக அவன் எங்கே போவான்? தப்பு செய்து, யாரும் மார்க் போடாமல், மறுபடி எழுந்து பார்க்க ஓர் இடம் வேண்டாமா? நல்ல ஆட்டம் அந்த இடத்தைத் தருகிறது. கெட்ட ஆட்டம் அந்த இடத்தில்தான் கல்லாப்பெட்டியை வைக்கிறது.

பந்தியில் உட்கார்ந்த பிறகு நண்பரிடம் நான் சொன்னது இதுதான். "இன்று ராத்திரி பையனிடம் போய் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ஆட்டத்தின் பெயர் என்ன? யார் செய்தது? தோற்றால் என்ன ஆகும்? மூன்றாவது கேள்விக்கு 'மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும் அப்பா' என்று சொன்னால் நேரத்துக்கு மட்டும் ஒரு வரம்பு வையுங்கள். 'பணம் கட்டினால் தொடரலாம்' என்று சொன்னால் உங்கள் வங்கி அட்டையை முதலில் அந்த ஃபோனிலிருந்து எடுங்கள். பிறகு ஆட்டத்தையும் எடுங்கள்."

ஒரு வாரம் கழித்து ஃபோன் செய்தார். பெயரைக் கேட்கப் போனவரைப் பையன் பக்கத்தில் உட்கார வைத்து ஆடச் சொல்லிவிட்டானாம். "எத்தனை தடவை ஆடினீர்கள்?" என்றேன்.

"பதினோரு தடவை. பதினொன்றிலும் தோற்றேன் சார்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவன் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. எங்கே தப்பு செய்தேன் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நான் அப்படி இருந்ததில்லை" என்றார்.